கெந்திங் மலையும் நைட்ரஸ் காரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்க நைட்ரஸ் ஆக்சைடு பாட்டில் பொருத்தி, கோலாலம்பூரில் ட்யூன் செய்த காரைக் கெந்திங்கிற்கோ கேமரன் மலைக்கோ கொண்டுபோகிறவர்கள் பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நைட்ரஸ் வைத்த இன்ஜினுக்கு ஆபத்து பெரும்பாலும் இறங்கி வந்த பிறகுதான் காத்திருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியவை.

கெந்திங்கெல்லாம் ஓர் உயரமா? ட்யூனை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் இருக்குமா?

இருக்கும். கெந்திங் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். அமெரிக்காவில் டென்வர் நகருக்கு அருகே பேண்டிமியர் என்ற புகழ்பெற்ற நேர்கோட்டு டிராக் பந்தயத் தடம் 2023 வரை இயங்கியது. அதன் உயரம் 5,800 அடி, அதாவது சுமார் 1,770 மீட்டர். 'மலைத் தடம்' என்றாலே அந்நாட்டு ட்யூனர்கள் நைட்ரஸும் பெட்ரோலும் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைமுனைகளான ஜெட்களின் தனிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது அந்தத் தடத்துக்குத்தான். நாம் அதே உயரத்தை நெடுஞ்சாலை வழியாக ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுகிறோம்.

கேமரன் மலையில் தானா ராத்தா 1,440 மீட்டர் அளவில் இருக்கிறது, பிரிஞ்சாங் அதைவிடச் சற்று மேலே. பினாங்கு நண்பர்கள் கொடிமலையைப் பற்றிக் கேட்பதுண்டு. அது 833 மீட்டர்தான். அங்கே நம் காருக்கு வேலையும் இல்லை.

இன்ஜினின் சக்தி எவ்வளவு குறையும்?

டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஏறக்குறைய 15 சதவீதம். கணக்கு இதுதான்: பிற்பகல் 32 டிகிரி வெயிலில் கோலாலம்பூரில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோ. கெந்திங் உச்சியில் 20 டிகிரியில் அது 0.97 அல்லது 0.98 கிலோ. அழுத்தத்தை மட்டும் பார்த்தால் இழப்பு 18, 19 சதவீதம் வரை போகும். மேலே குளிராக இருப்பதால் காற்று சுருங்கிக் கொஞ்சம் ஈடு செய்கிறது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு மலையிலும் அதே 20.9 சதவீதம்தான். ஒவ்வொரு மடக்குக் காற்றிலும் இருக்கும் மொத்த அளவுதான் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தையும் மறக்க வேண்டாம்: நீராவி இடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு 3 சதவீத அளவுக்கு ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால், பிற்பகல் கோலாலம்பூர் காற்று ஏற்கெனவே 700 மீட்டர் உயரத்துக் காற்றைப் போலத்தான் நடந்துகொள்கிறது. குளிர்நாட்டுப் பந்தயக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே எண்ணிக்கையை இங்கே எதிர்பார்ப்பவர்களுக்கு இதையே சொல்லி அனுப்புகிறேன்.

நைட்ரஸின் சக்தியும் அதே அளவுக்குக் குறையுமா?

குறையாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

பாட்டிலுக்குள் 900 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும்போது, வெளியே காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐயாக இருந்தாலும் 12 பிஎஸ்ஐயாக இருந்தாலும் ஜெட் வழியே வரும் நைட்ரஸ் அளவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. நைட்ரஸ் ஆக்சைடின் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றின் எடையில் 23 சதவீதம்தான். எரியறையின் சூட்டில், சுமார் 300 டிகிரியைத் தாண்டியதும் அது பிரிந்து தன் ஆக்சிஜனைக் கொடுக்கிறது. இந்த வேலைக்கு வெளிக்காற்றின் தயவு தேவையில்லை.

ஆகவே சக்கரத்தில் 150 குதிரைத்திறன் தரும் ஒரு கார் கெந்திங்கில் 127 அளவுக்கு இறங்கும். அதில் பொருத்திய 50 குதிரைத்திறன் நைட்ரஸ் அங்கேயும் 50தான். மொத்தம் 200 என்பது 177 ஆகிறது. அதில் நைட்ரஸின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 28க்கு ஏறுகிறது. எண்ணிக்கையில் சிறியதாகத் தெரியும் இந்த மாற்றம் பற்றவைப்பு நேரத்துக்கு முக்கியம், கீழே சொல்கிறேன்.

அப்படியானால் மலையில் பெரிய ஜெட் போட்டு, இழந்த சக்தியை மீட்டுக்கொள்ளலாமே?

கணக்கில் சரிதான். 50 ஷாட்டுக்கு, அதாவது 50 குதிரைத்திறன் தரும் நைட்ரஸ் அளவுக்குப் பதில் 75 போட்டால் பழைய 200 திரும்பக் கிடைத்துவிடும். சிலிண்டருக்குள் போகும் மொத்த ஆக்சிஜனும் ஏறக்குறைய பழைய அளவுதான். டென்வரில் செய்ததும் இதுவே.

ஆனால் அங்கே காரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நாம் அதே காரை ஓட்டிக்கொண்டு இறங்கி, அன்று இரவே கோலாலம்பூரில் நிற்கிறோம். கீழே வந்ததும் இன்ஜின் தன் 150ஐ மீட்டுக்கொள்ளும்; ஜெட் 75லேயே இருக்கும். இருநூறு தாங்கும் என்று கட்டிய இன்ஜினில் 225. ஜெட்டைத் திரும்ப மாற்றுவேன் என்று சொல்கிறவர்கள் பலர். இரவில் களைத்துப்போய் வீடு திரும்பியபின் ஸ்பேனரை எடுப்பவர்கள் குறைவு. மலையில் 20 குதிரைத்திறன் குறைந்தால் குறையட்டும் என்பதே என் கட்சி. ஜெட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் நைட்ரஸ் ஜெட்டையும் அதற்கு இணையான பெட்ரோல் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

கார்புரேட்டர் காருக்கும் இன்ஜெக்‌ஷன் காருக்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு.

கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. காற்றின் எடை 15 சதவீதம் குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை 8 சதவீத அளவுக்கு ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகும். கீழே 12.8 என்று இருந்த காற்று-எரிபொருள் விகிதம் மேலே 11.8 ஆகிவிடும். கார் மந்தமாக இழுக்கும், புகை கறுக்கும், ஆனால் பிஸ்டன் பிழைக்கும். இதைச் சரிசெய்கிறேன் என்று மெயின் ஜெட்டைச் சிறிதாக்கி, அப்படியே கீழே இறங்கினால் 13.9க்குப் போய் நிற்கும். அது லீன் கலவை; பெட்ரோல் போதாது. சாதாரண ஓட்டத்தில் இது தெரியாமலேகூடப் போகலாம். அதன்மேல் நைட்ரஸைத் திறந்தால் பிஸ்டனின் ஓரம் உருகும்.

உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோ, அதன் எடையை அளக்கும் மாஃப் சென்சாரோ வைத்து ஓடும் இன்ஜெக்‌ஷன் கார் தானே திருத்திக்கொள்ளும். சந்தேகப்பட வேண்டியது தனி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போட்டு, ஆக்சிலேட்டர் திறப்பளவை மட்டும் பார்த்து பெட்ரோல் கொடுக்கும் கார்களை. சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு த்ராட்டில் பாடி (காற்று வாசல்) போட்ட ஹோண்டாக்களில் இது வழக்கம். இவற்றுக்குக் காற்றழுத்தத் திருத்தம் தனியாக வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: சில இசியுக்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சாவி போடும் அந்தக் கணத்தில் மட்டுமே படித்து வைத்துக்கொள்கின்றன. மலையில் சாவி போட்டுக் கிளப்பி, எங்கும் அணைக்காமல் கோலாலம்பூருக்கு இறங்கினால், இசியு இன்னும் தான் கெந்திங்கில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். கீழே வந்ததும் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி ஒருமுறை அணைத்துப் போட்டால் தீர்ந்தது. இதை அறியாமல் சென்சாரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

வெட் வகை நைட்ரஸ் கிட்டில் நைட்ரஸுக்கான பெட்ரோல் தனி ஜெட் வழியாக வருகிறது. பெட்ரோல் ரெகுலேட்டர் வெளிக்காற்றையோ மேனிஃபோல்டையோ ஒப்பிட்டே அழுத்தத்தை நிறுத்துவதால் அந்தப் பங்கு மலையிலும் மாறாது. டிரை வகையில் கூடுதல் பெட்ரோலும் இன்ஜெக்டர்கள் வழியாகவே வர வேண்டும். மலையில் இன்ஜினின் தேவை குறைவு என்பதால் இன்ஜெக்டருக்குத் தெம்பு மிச்சமிருக்கும். எல்லாம் நன்றாக ஓடும். அதே அமைப்பு கீழே வந்தால் இன்ஜெக்டர் தன் எல்லையை முட்டிவிடும். டிரை கிட்டை மலையில் சோதித்துவிட்டு 'ஓகே' என்று முடிவு செய்யாதீர்கள்.

குளிரில் பாட்டில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் அது ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம். பாட்டிலுக்குள் நைட்ரஸ் திரவமாகவும், அதன் மேல் ஆவியாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 10 டிகிரியில் 570 பிஎஸ்ஐக்கு அருகில், 20 டிகிரியில் 720க்கு அருகில், 30 டிகிரியில் 900. பாட்டில் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் இதே எண்கள்தான். ஆகவே அழுத்தமானியைப் பார்த்து 'கேஸ் இவ்வளவு இருக்கிறது' என்று சொல்வது வீண். எடை போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பெரும்பாலான கிட்கள் 900 முதல் 1,050 பிஎஸ்ஐ வரை என்று கணக்கிட்டு ஜெட் தருகின்றன. நம் ஊரில் இது தானாகவே அமைந்துவிடுகிறது. பாட்டில் ஹீட்டரே வாங்காமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். கெந்திங்கில் இரவு 18 டிகிரியில் பாட்டில் நன்றாகக் குளிர்ந்தபின் பாருங்கள்: ஊசி 700க்குக் கீழே படுத்திருக்கும். நைட்ரஸ் குறைவாக வருகிறது, பெட்ரோல் ஜெட்டோ பழைய அளவையே ஊற்றுகிறது. கலவை ரிச். கார் திக்கித் திக்கி இழுக்கிறது.

இப்போது வருகிறது வினை. ரிச்சாக ஓடுகிறது என்று மலையிலேயே பெட்ரோல் ஜெட்டைச் சிறிதாக்குகிறார்கள். கார் அருமையாக இழுக்கிறது. மறுநாள் பிற்பகல், வெயிலில் நிறுத்திய காரில், பாட்டில் 35 டிகிரிக்கு வந்து ஊசி 1,000ஐத் தொடுகிறது. நைட்ரஸ் கூடுகிறது; பெட்ரோல் குறைத்தது குறைத்ததுதான். நைட்ரஸில் லீன் கலவை எச்சரிக்கை மணி அடித்துவிட்டு வருவதில்லை. இரண்டு மூன்று நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

பாட்டில் அழுத்தம் குறைந்தால் அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள், ஜெட்டைத் தொடாதீர்கள். தெர்மோஸ்டாட்டோ அழுத்த சுவிட்சோ உள்ள ஹீட்டர் உறையைப் பாட்டிலில் சுற்றி 950க்குக் கொண்டுவாருங்கள். கோலாலம்பூரில் எந்த அழுத்தத்தில் ட்யூன் செய்தீர்களோ, மலையிலும் அதே அழுத்தம். இதைவிட எளிய விதி நைட்ரஸில் இல்லை.

கேஸ் டார்ச்சால் பாட்டிலைச் சூடாக்கலாமா? சுடுநீர் ஊற்றலாமா?

டார்ச் கூடவே கூடாது. தீ நாக்கு படும் இடத்தில் உலோகம் பலவீனப்படும். நைட்ரஸ் ஆக்சைடு 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடும்; அதன்பின் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். அளவுக்கு மீறி நிரப்பிய பாட்டிலாக இருந்தால் இன்னும் மோசம். பாட்டில் வால்வில் இருக்கும் பாதுகாப்புத் தகடு 3,000 பிஎஸ்ஐ அளவில் வெடித்துத் திறக்கும். அப்போது வரும் வாயு காருக்குள் நிறைந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. பின்பக்கச் சாமான் அறையும் பின்னிருக்கையும் ஒன்றாகத் திறந்திருக்கும் ஹேட்ச்பேக் கார்களில் அந்தத் தகட்டிலிருந்து காருக்கு வெளியே ஒரு குழாய் கட்டாயம் போக வேண்டும். சுடுநீரும் வேண்டாம். எவ்வளவு சூடு ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

டைமிங்கை, அதாவது பற்றவைப்பு நேரத்தை, மலையில் முன்னால் நகர்த்தலாமா?

நைட்ரஸ் இல்லாமல் ஓடும்போது நகர்த்தலாம். காற்று மெலிந்ததால் சிலிண்டர் அழுத்தம் குறைவு, எரிதலும் மெதுவாக நடக்கிறது. ஓரிரு டிகிரி முன்னால் கொடுத்தால் இன்ஜின் நன்றி சொல்லும்.

நைட்ரஸ் திறக்கும்போது கதை வேறு. கூடுதல் ஆக்சிஜன் எரிதலை வேகப்படுத்துகிறது. ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 டிகிரி பின்னால் இழுப்பது பழைய நடைமுறை. மலையில் கலவையில் நைட்ரஸின் பங்கு கூடுகிறது என்று மேலே பார்த்தோம். ஆகவே 'காற்று குறைவுதானே' என்று அந்தப் பின்னிழுப்பைக் குறைக்காதீர்கள். தனி இசியுவில் இரண்டு வரைபடங்கள் வைத்திருந்தால் சாதாரண ஓட்டத்துக்கானதை மட்டும் மலைக்கேற்ப மாற்றி, நைட்ரஸ் வரைபடத்தின் இறுதி டைமிங்கை அப்படியே விடுங்கள்.

சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்து அறிவது?

புகையை வைத்துக் காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் 11.5 முதல் 12 வரை காட்டினால் தைரியம் வரும். ஆனால் அது எல்லாச் சிலிண்டர்களின் சராசரி. நான்கில் மூன்று ரிச்சாகவும் ஒன்று லீனாகவும் ஓடினாலும் மீட்டர் அமைதியாகவே இருக்கும். நான் நம்புவது ஸ்பார்க் பிளக்கை.

தடத்தில் நைட்ரஸுடன் ஓர் ஓட்டம் முடிந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இன்ஜினை அணைத்து, ஆறியபின் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். முதலில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத் தூளைச் சிட்டிகையாய்த் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) தொடங்கிவிட்டது. அவற்றிடையே வெள்ளியாய் மினுங்கும் துணுக்குகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றைய விளையாட்டு முடிந்தது. அடுத்து, வளைந்திருக்கும் தரை முனையைப் பாருங்கள். சூட்டால் நிறம் மாறிய கோடு அதன் வளைவுக்கு அருகில் இருந்தால் நல்லது. திருகு மரைக்கு அருகே இறங்கியிருந்தால் டைமிங் அதிகம். முனையின் விளிம்பு கூர்மை மழுங்கி உருண்டிருந்தால் சூடு எல்லை மீறிவிட்டது.

பிளக் சூட்டை வேகமாக வெளியேற்றும், ஒன்றிரண்டு படி குளிர்ந்த வகையாகவும், இடைவெளி 0.8 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கட்டும். மலைக்கென்று பிளக்கை மாற்றத் தேவையில்லை.

டர்போ கார் என்றால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லைதானே?

பாதி உண்மை. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாதாரண வேஸ்ட்கேட் வால்வு வெளிக்காற்றை ஒப்பிட்டே பூஸ்டை, அதாவது டர்போ கூட்டும் அழுத்தத்தை, நிறுத்துகிறது. 1 பார் பூஸ்ட் என்பது கீழே மொத்தம் 2 பார், கெந்திங்கில் 1.8 சொச்சம். இழப்பு இருக்கிறது, ஆனால் குறைவு. மின்னணு பூஸ்ட் கட்டுப்பாடு மொத்த அழுத்தத்தைக் குறிவைத்தால் சக்தி அப்படியே இருக்கும். அதற்கான விலையை டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று கொடுக்கிறது. சிறிய டர்போவைக் கடைசி மூச்சு வரை பிழிந்து வைத்திருப்பவர்கள் மலையில் பூஸ்டைக் குறைத்துக்கொள்வது நல்லது. மெலிந்த காற்றில் டர்போ எழுந்துகொள்ளத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைப் போக்க சிறிய ஷாட் ஒன்று போதும். மலையில் நைட்ரஸுக்கு இருக்கும் உருப்படியான வேலை இது.

மலையில் ரோன் 95 பெட்ரோல் போதுமா?

சாதாரண இன்ஜினுக்குப் போதும். நைட்ரஸ் காருக்கு 97 அல்லது அதற்கு மேல். இறங்கி வரும்போதும் அதே பெட்ரோல்தானே டாங்கில் இருக்கும்?

காரின் சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தில் கெந்திங்குக்கான ட்யூனைக் கோலாலம்பூரிலேயே செய்துவிட முடியுமா?

முடியாது, டைனோ காற்றை மெலிய வைக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். டைனோ அறிக்கையில் வரும் எண், எஸ்ஏஇ ஜே1349 போன்ற தரத்தின்படி 25 டிகிரிக்கும் நிலையான காற்றழுத்தத்துக்கும் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் காற்றை உறிஞ்சி ஓடும் இன்ஜினுக்காக வகுத்தது. நைட்ரஸ் கொடுத்த சக்தியையும் சேர்த்துப் பெருக்கிவிடும். மலைப் பகுதி டைனோவில் எடுத்த நைட்ரஸ் எண்கள் உண்மையைவிடக் கொழுத்துத் தெரிவது இதனால்தான். திருத்தாத எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கிறது. நைட்ரஸ் காரணமா?

பெரும்பாலும் மூடிதான் காரணம். கெந்திங்கில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் நல்ல மூடி இருந்தால் மலையால் வரும் இழப்பு மூன்று டிகிரிதான். ரப்பர் தேய்ந்த மூடியாக இருந்தால் மலை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கெந்திங் சாலையிலேயே நைட்ரஸைச் சோதித்துப் பார்க்கலாமா?

இதற்கு நான் ட்யூன் செய்து தர மாட்டேன். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுச்சாலைப் பந்தயத்தையும் ஆபத்தான ஓட்டத்தையும் குற்றமாக்கியிருக்கிறது; அனுமதியின்றி இன்ஜினை மாற்றியமைத்தாலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே வழக்குப் போடும். சட்டத்தை விடுங்கள், சாலையைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் அந்த இறக்கத்தில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். மூடுபனி, ஈரச்சாலை, கொண்டை ஊசி வளைவு: திடீரென 50 குதிரைத்திறனைத் திறந்துவிட இதைவிட மோசமான இடம் கிடைக்காது. சோதிக்க வேண்டுமானால் சிப்பாங் பந்தயத் தடத்தில் தட நாள் பதிவு செய்யுங்கள். மலைக்குக் காட்சிக்கோ கூட்டத்துக்கோ போகிறீர்கள் என்றால் பாட்டில் வால்வை மூடி வைத்துக்கொண்டே போகலாம்.

பாட்டிலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே போகிறேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

நைட்ரஸ் அமைப்பை இயங்கத் தயாராக்கும் ஆர்மிங் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அது போட்டபடி இருந்தால், முந்துவதற்காக ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்ததும் வெட் கிட்டின் பெட்ரோல் சொலினாய்டு (மின் வால்வு) திறந்துகொள்ளும். நைட்ரஸ் வராது, பெட்ரோல் மட்டும் ஊற்றும். லாரியைப் பாதி தாண்டிய நேரத்தில் கார் கரும்புகை கக்கிக்கொண்டு மூச்சடைத்து நிற்கும். வழிந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயையும் கழுவிவிடும். பெட்ரோல் சொலினாய்டின் மின் இணைப்பையும் கழற்றி வைத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.